'கோடி' திரையில் எழுத்து மறைந்ததா? ஆட்-ஆன், ஸ்கின் கோளாறுகளை வீட்டிலேயே சரிசெய்யலாம்

தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு, காலமான அப்பாவின் நினைவாக மிஞ்சியவை சில வீடியோ கேசட்டுகள்தான். தோட்டத்துக் கோயில் தீமிதி, அக்காவின் கல்யாணம், தம்பிக்குக் காது குத்தியது எல்லாம் அவற்றில் இருந்தன. அவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றி, ஹார்ட் டிஸ்க்கில் சேமித்து, தொலைக்காட்சியோடு இணைத்த சிறு பெட்டியில் 'கோடி' மென்பொருள் வழியாகப் பார்க்கும்படி செய்து கொடுத்திருந்தேன்.

சென்ற தீபாவளிக்குப் போனபோது, திரையை இன்னும் அழகாக்கலாம் என்று புதிய 'ஸ்கின்' ஒன்றைப் போட்டுவிட்டு அவசரமாகக் கோலாலம்பூருக்குத் திரும்பினேன். மறுநாள் காலையில் அம்மாவின் அழைப்பு. "ஐயா, அப்பா படத்தக் காணோம்யா. எல்லாம் கட்டம் கட்டமா தெரியுது."

தவறு என்னுடையதுதான். ஆனால் படம் எதுவும் அழியவில்லை. இதே பதற்றம் வேறு வீடுகளிலும் வரலாம் என்பதால் இந்த விளக்கம்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்வோம்

கோடி இலவச மென்பொருள். 2002-இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காகத் தொடங்கி, எக்ஸ்.பி.எம்.சி. என்ற பெயரில் வளர்ந்து, 2014-இல் கோடி என்று பெயர் மாறியது. அதனுள் படமோ பாட்டோ கிடையாது. நம்மிடம் இருப்பதைத்தான் அது காட்டும்.

இதை ஒரு வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். கோடி வீட்டின் சுவர். ஆட்-ஆன் என்பது பிறகு வாங்கி மாட்டும் மின்விசிறி, விளக்கு போன்றது. ஸ்கின் என்பது சுவருக்கு அடிக்கும் சாயம். சாயம் கெட்டால் வீட்டுக்குள் இருக்கும் பொருள் கெடாது. ஸ்கின் பழுதானாலும் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள கோப்புகள் அப்படியே இருக்கும்.

தமிழ் எழுத்து கட்டமாகத் தெரிந்தால்

ஸ்கின் பயன்படுத்தும் எழுத்துருவில் தமிழ் இல்லாததே பெரும்பாலும் காரணம். செட்டிங்ஸ், இன்டர்ஃபேஸ், ஸ்கின், ஃபான்ட்ஸ் என்ற வரிசையில் சென்று 'ஏரியல் பேஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அம்மா வீட்டில் பக்கத்து வீட்டுப் படிவம் மூன்று மாணவனைத் தொலைபேசியில் பிடித்து, இதைத்தான் செய்யச் சொன்னேன். இரண்டு நிமிட வேலை.

கோடியின் பட்டியல்களையே தமிழில் வைத்துக்கொள்ளவும் வசதி உண்டு. இன்டர்ஃபேஸ் பகுதியில் 'ரீஜனல்' என்பதன் கீழ் மொழியை மாற்றலாம். ஆனால் எழுத்துருவை முதலில் மாற்றுங்கள், மொழியைப் பிறகு மாற்றுங்கள். வரிசை மாறினால் பட்டியல் முழுவதும் கட்டமாகி, திரும்பி வர வழி தெரியாமல் தவிப்பீர்கள்.

ஸ்கின் போட்டதும் திரை கோளாறானால்

ஸ்கினை மாற்றியதும் 'இதையே வைத்துக்கொள்ளவா?' என்று கோடி கேட்கும். திரை சரியில்லை என்றால் எதையும் அழுத்தாமல் சற்றுப் பொறுங்கள். அதுவே பழையதற்குத் திரும்பிவிடும். ஏற்கெனவே 'ஆம்' கொடுத்திருந்தால், ஸ்கின் பட்டியலில் 'எஸ்ச்சுவரி'யைத் தேர்ந்தெடுங்கள். 2017-இல் வந்த 17-ஆம் பதிப்பிலிருந்து கோடியோடு சேர்ந்தே வரும் ஸ்கின் அது.

திரையே தெரியவில்லை என்றால், கணினியில் கோடியை மூடிவிட்டு, 'யூசர்டேட்டா' கோப்புறையில் உள்ள 'ஜி.யு.ஐ. செட்டிங்ஸ்' கோப்பின் பெயரை மாற்றுங்கள். அடுத்த முறை கோடி தன் ஆரம்ப அமைப்போடு திறக்கும்.

ஸ்கின் மாற்றாமலே பல வசதிகள் செய்யலாம். எஸ்ச்சுவரியில் 'கான்ஃபிகர் ஸ்கின்' பகுதிக்குப் போய், வானிலை, விளையாட்டு போன்ற தேவையில்லாத வரிகளை முகப்பிலிருந்து நீக்கலாம். தொலைக்காட்சியில் ஓரங்கள் வெட்டுப்பட்டால் 'ஸூம்' அளவைக் குறைக்கலாம். அடிக்கடி பார்க்கும் படத்தின் மீது ஓகே பொத்தானை அழுத்திப் பிடித்து 'ஃபேவரிட்ஸ்' பட்டியலில் சேர்த்தால், வயதானவர்கள் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆட்-ஆன் வேலை செய்யாவிட்டால்

ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

1. தேதியும் நேரமும் சரியா? மின்சாரம் தடைப்பட்டு வந்த பிறகு சில சிறு பெட்டிகளில் கடிகாரம் தவறிவிடும். அப்போது பாதுகாப்பான இணைய இணைப்பு மறுக்கப்படும்.

2. பெட்டியில் இடம் இருக்கிறதா? இடம் நிரம்பினால் எந்த ஆட்-ஆனும் புதுப்பிக்க முடியாது.

3. கோடியை அண்மையில் புதுப்பித்தீர்களா? 2021-இல் வந்த 19-ஆம் பதிப்பு பைத்தான் 3-க்கு மாறியது. பைத்தான் 2-க்காக மட்டும் எழுதப்பட்ட ஆட்-ஆன்கள் அதில் ஓடா. அவற்றுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

4. புதுப்பித்த பிறகுதான் கெட்டதா? ஆட்-ஆனின் விவரப் பக்கத்தில் 'வெர்ஷன்ஸ்' பகுதியில் பழைய பதிப்பு இருந்தால் அதற்குத் திரும்பலாம். 'ஆட்டோ அப்டேட்' வசதியையும் நிறுத்தி வையுங்கள்.

5. இன்னும் சரியாகவில்லை என்றால், ஆட்-ஆனை நீக்கி மீண்டும் போடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் 'கோடி லாக்' கோப்பைத் திறந்து, 'எரர்' என்று வரும் வரியைப் பாருங்கள். எந்த ஆட்-ஆன் தடுமாறுகிறது என்பது பெரும்பாலும் அங்கே இருக்கும். உதவி கேட்கும்போது இந்தக் கோப்பு கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எல்லாம் இருக்கும் பெட்டி வேண்டாம்

'எல்லாச் சேனலும் இலவசம்' என்று கோடியில் எதையெதையோ ஏற்றி விற்கும் பெட்டிகள் உண்டு. கோடிக் குழுவுக்கும் அந்த ஆட்-ஆன்களுக்கும் தொடர்பில்லை. 'அன்னோன் சோர்ஸஸ்' வசதியைத் திறந்துவிட்டால், யாரோ எழுதிய நிரல் நம் வீட்டு இணையத்துக்குள் ஓடும். சிங்கப்பூரில் 2021-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இத்தகைய பெட்டிகளின் விற்பனையைத் தடை செய்கிறது. மலேசியாவும் 2022-இல் தன் சட்டத்தைத் திருத்தியது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வம்பில் மாட்ட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. எதை மாற்றும் முன்பும் 'யூசர்டேட்டா' கோப்புறையைப் பென்டிரைவில் ஒரு படி எடுத்து வையுங்கள். குடும்பப் படங்களை இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கிலும் வைத்து, அதை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். கோடியை எத்தனை முறையும் புதிதாகப் போடலாம். ஹார்ட் டிஸ்க் போனால் அப்பா நடந்த தீமிதியைத் திரும்ப எடுக்க முடியாது.

அன்று எழுத்து திரும்பியதும் அம்மா மறுபடி அழைத்தார். "வந்துட்டாருய்யா. இனிமே நீ ஒண்ணும் அழகு பண்ண வேணாம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.