கச்சான் காற்றும் மடிக்கணினியின் வெப்பமும்

திருகோணமலை நகருக்கு வடமேற்கே சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள கன்னியா வெந்நீரூற்றுக்குச் சென்றவர்கள் ஒன்றை அவதானித்திருப்பார்கள். அருகருகே அமைந்த ஏழு கிணறுகளிலும் நீரின் சூடு ஒரே அளவினதாக இருப்பதில்லை. இன்று எமது வீடுகளில் பாவனையிலுள்ள மெல்லிய மடிக்கணினியும் இத்தகையதே. கைவைக்கும் ஓரம் குளிர்ந்திருக்க, விசைப்பலகையின் மேற்பகுதி சுடும். அதற்குள்ளிருக்கும் செயலியின் வெப்பமோ கடும் வேலையின்போது 90 பாகை செல்சியசையும் கடந்துவிடும்.

மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை கிழக்கில் வீசும் கச்சான் காற்றை அறியாதார் இல்லை. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட அனலாக அது எம்மை வந்தடைகிறது. துறைமுக நகரிலும் கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளிலும் பகல் வெப்பம் 35 பாகையை எட்டும் இக்காலத்தில், தகரமோ அஸ்பெஸ்டஸ் தகடோ வேய்ந்த வீட்டினுள் நிலைமை இன்னும் மோசமாகும். அப்பிள் நிறுவனம் தனது மடிக்கணினிகளுக்குப் பரிந்துரைக்கும் சுற்றுப்புற வெப்பநிலை 10 முதல் 35 பாகை வரையாகும். அதாவது, எமது சாதாரண நண்பகலே அந்த எல்லையின் விளிம்பில் நிற்கின்றது.

இது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினையன்று. 2020ஆம் ஆண்டின் கொரோனா முடக்கத்துடன் கல்வி கணினித் திரைக்கு வந்தது. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது மடிக்கணினியின் விலை சாதாரண குடும்பங்களுக்கு எட்டாத உயரத்திற்குச் சென்றது. உயர்தர மாணவரின் படிப்பு, ஆசிரியரின் பாடக்குறிப்பு, சிறு வணிகரின் கணக்கு என யாவும் ஒரே கருவியில் தங்கியிருக்கும் வீடுகள் பல. அக்கருவி மூன்றாண்டில் பழுதடைவதா, ஆறாண்டு உழைப்பதா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது வெப்பமே.

செயலி பெறும் மின்சக்தி முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளியேறுகின்றது. செயலியின்மீது பொருத்தப்பட்ட செப்புக்குழாய் அவ்வெப்பத்தை மெல்லிய உலோகத் தகடுகளுக்குக் கடத்த, சிறு விசிறியொன்று அத்தகடுகளினூடாக வளியைச் செலுத்தி வெளியே தள்ளுகின்றது. இங்கு முக்கியமானது, வெளி வளிக்கும் உட்பாகத்திற்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடாகும். அறை 10 பாகை கூடினால், அதே வேலைக்குச் செயலியின் வெப்பமும் ஏறத்தாழ அதே அளவு கூடும். 100 பாகை அளவை நெருங்கும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தனது வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. நண்பகலில் கணினி "மெதுவாகிவிட்டது" என்று நாம் சலித்துக்கொள்வதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

வெப்பம் பெரும் நிறுவனங்களையும் பணியவைத்திருக்கிறது. மின்நுகர்வும் வெப்பமும் கட்டுக்கடங்காமற்போனமையால் இன்ரெல் நிறுவனம் 2004இல் தனது புதிய செயலித் திட்டமொன்றையே கைவிட்டது. 2008இல் மக்புக் எயர் வெளிவந்த பின்னர் மெலிவே அழகு என்ற போட்டி எழுந்தது. மெலிவு கூடக்கூட விசிறிக்கும் வளிக்குமான இடம் குறைந்தது. 2020 இறுதியில் விசிறியே இல்லாத மக்புக் எயர் வந்தது. அத்தகைய கருவிகளில் உலோக உடலே வெப்பத்தை வெளிவிடுவதால், அதைத் துணியால் மூடிவைப்பது கூடாது.

நாம் செய்யக்கூடியவை எளிமையானவை. மடிக்கணினியை மெத்தையிலும் தலையணையிலும் வைத்தால் அடியிலுள்ள வளித்துளைகள் அடைபடும். உறுதியான மேசையில் வைத்து, துளைகளை மறைக்காதவாறு பின்புற ஓரங்களில் இரு மரத்துண்டுகளைக் கொடுத்து இரண்டு சென்ரிமீற்றர் உயர்த்தினாலே வளியோட்டம் சீராகும். மடியில் வைத்து நீண்டநேரம் பாவிப்பது தோலில் வலைபோன்ற கருந்தழும்பை ஏற்படுத்தும் என்பதையும் மருத்துவர்கள் பதிவுசெய்துள்ளனர்.

விண்டோஸ் கணினியில் மின்சக்தி அமைப்பைச் சமநிலைக்கு மாற்றுவதும், தேவையற்ற இணையப் பக்கங்களை மூடுவதும் கணிசமான சூட்டைத் தணிக்கும். காணொளித் தொகுப்பு போன்ற கனமான வேலைகளை அதிகாலைக்கோ இரவுக்கோ ஒதுக்கலாம். கடலோரத்தில் உப்புக் காற்றும் தூசும் தகடுகளில் படிந்து அரிப்பை உண்டாக்குவதால், ஆண்டுக்கு ஒருமுறையேனும் அனுபவமுள்ள திருத்துநரிடம் கொடுத்து உட்புறத்தைத் துப்புரவு செய்வித்தல் நன்று. சூட்டைத் தணிக்கவென ஈரத்துணி போர்த்துவதும், குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் ஆபத்தானவை. உள்ளே நீர் ஒடுங்கிச் சுற்றுகளைப் பழுதாக்கும்.

எல்லாவற்றிலும் விரைவில் நலிவது பற்றரியே. பரவலாக எடுத்தாளப்படும் அளவீடொன்றின்படி, முழு மின்னேற்றத்துடன் 25 பாகையில் ஓராண்டு வைக்கப்படும் லிதியம் அயன் பற்றரி தன் கொள்ளளவில் ஏறத்தாழ 20 சதவீதத்தை இழக்கும்; 40 பாகையிலோ இழப்பு 35 சதவீதமாகும். எனவே எப்போதும் மின்னிணைப்பில் வைத்திருப்போர், வசதியிருப்பின் மின்னேற்றத்தை 80 சதவீதத்துடன் நிறுத்தும் அமைப்பைத் தெரிவுசெய்தல் வேண்டும். வெயிலில் நிற்கும் வாகனத்தினுள் கணினியை விட்டுச் செல்வதும், இயங்கும் நிலையிலேயே பைக்குள் திணிப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

2006இல் சொனி தயாரித்த பற்றரிகள் தீப்பற்றும் அபாயம் காரணமாக டெல் நிறுவனம் மட்டும் ஏறத்தாழ 41 இலட்சம் பற்றரிகளை மீளப்பெற நேர்ந்தது. பற்றரி உப்பி, அடித்தகடோ தொடுபலகையோ மேலெழுந்தால், அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. மின்னிணைப்பைத் துண்டித்து, பாவனையை உடனே நிறுத்தி, மாற்றிக்கொள்வதே பாதுகாப்பானது.

கச்சானை எம்மால் தடுக்க முடியாது. ஆயினும் மீனவர் காற்றறிந்து கடலுக்குச் செல்வதுபோல, வெயிலறிந்து வேலையை வகுத்துக்கொள்ளலாம். பெற்றோர் அரும்பாடுபட்டு வாங்கித்தந்த கருவி பிள்ளையின் பரீட்சைவரை உழைப்பதற்கு, இரு மரத்துண்டுகளும் சிறிது அவதானமும் பெருமளவு உதவும்.