மருந்துச் சீட்டும் மருந்தும்: சங்க அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை

வியாதிக்கு மருந்துண்பது அவசியம். அதை முறையறிந்து உண்பது அதனினும் அவசியம். பல்லடம் வட்டாரத்தில் விசைத்தறித் தொழிலாளரும் விவசாயிகளும் ஒரு நாள் கூலியை இழக்க மனமின்றி, சுரம் கண்டவுடன் நேரே மருந்துக் கடைக்குச் சென்று நான்கு மாத்திரை கேட்டு வாங்குவதுண்டு. இதனால் மிச்சமாகும் பணம் சொற்பம். விளையக்கூடிய நஷ்டமோ பெரிது.

ஆன்டிபயாடிக் எனப்படும் கிருமிக்கொல்லி மருந்துகளின் விஷயத்தில் இந்த நஷ்டம் குடும்பத்தோடு நிற்பதில்லை. மருந்து குறைந்த அளவில் உட்சென்றால் பலவீனமான கிருமிகள் மடியும். வலுவுள்ளவை பிழைத்துப் பெருகும். பின்னர் அம்மருந்து அக்கிருமிகளுக்குப் பலிக்காது. அவை ஊரில் பிறரையும் பற்றும். பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945ஆம் ஆண்டில் ஆற்றிய நோபல் சொற்பொழிவிலேயே இவ்வபாயத்தை எடுத்துரைத்தார். சாதாரண ஜலதோஷம் வைரஸால் உண்டாவது. அதற்கு இம்மருந்துகளால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

வாங்கும் முறை

1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ‘எச்’ அட்டவணையிற் கண்ட மருந்துகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது. 2014ஆம் ஆண்டு மார்ச் முதல் அமலுக்கு வந்த ‘எச்1’ அட்டவணை மருந்துகளுக்கு, சீட்டெழுதிய வைத்தியர், நோயாளி ஆகியோரின் பெயர்களையும் மருந்தின் அளவையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, அதனை 3 ஆண்டுகள் வைத்திருத்தல் வேண்டும். மாத்திரை அட்டையில் நெடுகச் சிவப்புக் கோடு இருப்பின், அதைச் சீட்டின்றி உண்ணலாகாது என்பது பொருள். ரசீது கேட்டு வாங்குவதும், காலாவதித் தேதியைப் பார்ப்பதும் வாங்குவோர் கடமை. செலவைக் குறைக்க விரும்புவோர் ஜெனரிக் மருந்துகளை வாங்கலாம். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி தமிழகத்தில் திறக்கப்பட்ட 1000 முதல்வர் மருந்தகங்களில் இவை விற்கப்பட்டன. அவற்றுள் பல, கூட்டுறவுச் சங்கங்களாலேயே நடத்தப்பட்டன.

உபயோகிக்கும் முறை

வைத்தியர் குறித்த அளவையும் நாட்களையும் மாற்றலாகாது. உடம்பு தேறியதாகத் தோன்றினாலும் அவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. க்ஷயரோக மருந்தை இடையில் விடுவது மிகவும் ஆபத்தானது. ஒருவருக்குக் கொடுத்த மருந்தை, நோய் ஒன்றுபோல் தோன்றினும், மற்றொருவருக்குக் கொடுத்தல் தவறு. மருந்துகளை வெயிலும் ஈரமும் படாத இடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டாதவாறு வைத்தல் வேண்டும்.

கோழிப் பண்ணையாளருக்கு

கறிக்கோழி வளர்ப்புக்குப் பெயர்பெற்ற பல்லடத்தில் இவ்விஷயம் பண்ணையையும் சார்ந்தது. வேறு மருந்துகள் பலிக்காதபோது மனிதருக்குக் கடைசியாகக் கொடுக்கப்படும் கொலிஸ்டின் என்னும் மருந்தைக் கோழிகளுக்கும், உணவுக்காக வளர்க்கப்படும் பிற பிராணிகளுக்கும் கொடுப்பதை மத்திய அரசு 2019ஆம் ஆண்டு ஜூலையில் தடை செய்தது. கால்நடை வைத்தியரின் யோசனையின்றித் தீவனத்திலோ குடிநீரிலோ மருந்து கலத்தலாகாது. கடைசியாக மருந்து கொடுத்தபின் குறித்த நாட்கள் கழிந்த பிறகே கோழிகளை விற்பனைக்கு அனுப்புதல் வேண்டும்.

மிஞ்சிய மருந்து

மிஞ்சியதையும் காலாவதியானதையும் கிணற்றோரத்திலோ, வாய்க்காலிலோ, குளத்திலோ எறிதல் கூடாது. நீரிலும் மண்ணிலும் உள்ள கிருமிகளும் மருந்துக்குப் பழகிவிடும். கேரளத்தில் இத்தகைய மருந்துகளை வீடுகளிலிருந்து சேகரிக்கும் திட்டம் 2025ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் ஆரம்பிக்கப்பட்டது. அவ்வித வசதியில்லாத இடங்களில், மாத்திரைகளை அட்டையினின்று எடுத்து மண்ணுடனோ உபயோகித்த தேயிலைத் தூளுடனோ கலந்து, பையிலிட்டு இறுகக் கட்டிக் குப்பை சேகரிப்போரிடம் சேர்ப்பது நலம். ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் புட்டியில் மூடிக் கொடுத்தல் வேண்டும். அபின் வகையைச் சேர்ந்த கடும் வலி மருந்துகளை அகற்றும் முறையை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும்.

பலிக்கின்ற மருந்து ஊரின் பொதுச் சொத்து. ஒருவர் வீணாக்கினால் அனைவருக்கும் குறையும். ஆகவே ஒவ்வொரு சங்கமும் தன் பொதுக்குழுக் கூட்டத்தில் இவ்விஷயங்களை அங்கத்தினருக்கு வாசித்துக் காட்டி, மிஞ்சிய மருந்துகளைச் சேகரிக்க ஆரம்ப சுகாதார நிலையத்துடனும் ஊராட்சியுடனும் கலந்து ஏற்பாடு செய்யுமாயின், அது அங்கத்தினருக்குச் செய்யும் பெரும் உதவியாகும்.