உறுதி தாளில், பேச்சு கைபேசியில்

நாவலப்பிட்டியில் காணி உறுதி எழுத வருகிறவர் இப்போது முதலில் அனுப்புவது வாட்ஸ்அப் படங்களைத்தான்: அடையாள அட்டையின் இரு பக்கங்கள், பழைய உறுதி, நில அளவைப் படம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் காணி விற்பனையைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருப்பதால், உறுதி இன்னும் தாளில்தான் எழுதப்படுகிறது. அதற்கு முந்திய பேச்செல்லாம் கைபேசிக்குள் போய்விட்டது.

2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப் செய்திகள் அனுப்புகிறவரின் கைபேசியிலேயே பூட்டப்படுகின்றன; பெறுகிறவரின் கைபேசியில்தான் திறக்கும். நடுவில் எவராலும் வாசிக்க முடியாது. இது பெரிய பாதுகாப்பு. ஆனால் பூட்டு இருப்பது வழியில் மட்டும். வந்து சேர்ந்த படம் கேலரியில் கிடக்கும். அங்கிருந்து கூகுள் கணக்குக்கும் போகலாம். காரியாலயக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்தபடி இருந்தால், அந்தக் கதிரையில் உட்காருகிற எவரும் வாசிக்கலாம். செய்திகளின் பேக்கப்பையும் பூட்டிவைக்கும் வசதி 2021இல் வந்தது. அதை நாமே செட்டிங்ஸில் போய் இயக்க வேண்டும்.

கட்சிக்காரர் சொன்னதைச் சட்டத்தரணியோ நொத்தாரிசோ அவரது சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்கிறது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. தொழில் உறவு முடிந்த பிறகும் அந்தக் கடமை நீடிக்கும். 127ஆம் பிரிவு இலிகிதரையும் மொழிபெயர்ப்பாளரையும் அதே கடமைக்குள் கொண்டுவருகிறது. தோட்டத்துத் தமிழர் தம் வழக்கைச் சிங்கள ஆவணங்களூடாக நடத்த வேண்டியிருக்கும் எங்கள் பகுதியில் மொழிபெயர்ப்பவரின் கைபேசிக்கும் நிறையத் தகவல் போகிறது. அந்தக் கைபேசியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் என் பெரிய கவலை.

அப்படியானால் எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? அதுவும் கூடாது. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டம் பதிவேடுகளை ஆறு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது. காணி வாங்கல் விற்றலில் கட்சிக்காரருக்காகச் செயற்படும் சட்டத்தரணிகளுக்கும் நொத்தாரிசுகளுக்கும் அது பொருந்தும். தானாக மறையும் செய்தி வசதியைப் போட்டுவைத்தால் பதிவும் சேர்ந்தே போய்விடும். அமெரிக்காவில் இதே தவறுக்கு, ஊழியர்களின் சொந்தக் கைபேசிச் செய்திகளைப் பாதுகாத்து வைக்காததற்காக, 2022 செப்டெம்பரில் வோல் ஸ்ட்ரீட் நிறுவனங்கள் 1.1 பில்லியன் டொலருக்கு மேல் தண்டம் கட்டின.

செய்யக்கூடியது இதுதான். அலுவல் முடிந்ததும் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து, படங்களோடு கட்சிக்காரரின் கோப்பில் சேர்க்க வேண்டும். பிறகு எல்லாக் கைபேசிகளிலிருந்தும் நீக்க வேண்டும். ஒரு பிரதியை இணையத்தோடு இணைக்காத டிஸ்க் ஒன்றில் கடவுச்சொல் போட்டு வைக்க வேண்டும். 2023இல் இலங்கை அரசாங்க மின்னஞ்சல் சேவையை ரான்சம்வேர் தாக்கியபோது மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவே இல்லை. அந்தக் காலத்துக்கு அப்படியொரு தனிப் பிரதி இருக்கவில்லை.

கைபேசி தொலைந்தால் உடனே சிம்மை நிறுத்தி, இணைத்த கணினிகளைத் துண்டித்து, அன்றே கட்சிக்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.