உங்களுக்குத் தெரியுமா? கார்ப்பெட்டில் காய்ந்த பெயின்ட்

சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயின்ட், ஈரமாக இருக்கும்வரை வெறும் தண்ணீருக்கே போய்விடும். காய்ந்துவிட்டால் போகாது. தண்ணீர் ஆவியானதும் அதிலுள்ள நுண்ணிய அக்ரிலிக் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிளாஸ்டிக் படலமாகிவிடுகின்றன.

அந்தப் படலத்தை இளக்க ஆல்கஹால் உதவும். கார்ப்பெட்டில் காய்ந்த சொட்டை மழுங்கிய கத்தியால் மெல்லச் சுரண்டுங்கள். மேலோடு உதிர்ந்ததும், வெள்ளைத் துணியை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறை பரவும், இழையும் பிசிறிவிடும். துணியில் நிறம் ஏற ஏற, சுத்தமான பக்கத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பொறுமை கேட்கும் வேலைதான்!

நெயில் பாலிஷ் ரிமூவரைத் தேடிப் போகிறவர்கள் கவனிக்க: அதில் அசிட்டோன் இருந்தால், அசிட்டேட் இழையையே அது கரைத்துவிடும். எந்தத் திரவத்தையும் நேராக ஊற்றவும் கூடாது. கார்ப்பெட்டின் அடியில் இழைகளைப் பிடித்திருக்கும் லேடெக்ஸ் பசை இளகிவிடலாம்.

கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் எனாமல் வேறு ரகம். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுவதால், நாள்பட்ட எனாமல் கறை டர்பன்டைனுக்கும் எளிதில் மசியாது.

ஆல்கஹால், டர்பன்டைன் இரண்டுமே தீப்பிடிக்கக் கூடியவை. ஜன்னலைத் திறந்துவைத்து, சோபாவுக்கு அடியில் மறைந்திருக்கும் மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.