முயலுக்கு எண்ணெய் தடவாதீர்கள்!

தீபாவளிக்குத் துணி எடுக்க மஸ்ஜித் இந்தியாவுக்குப் போகாத தோட்டத்துக் குடும்பம் உண்டா? புடைவை, பிள்ளைகளுக்குச் சட்டை, பலகாரச் சாமான் எல்லாம் வாங்கி, சனிக்கிழமையாக இருந்தால் பக்கத்து லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மான் இரவுச் சந்தையையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்புவோம். இப்போது பட்டணத்துக்குப் போனால் பிள்ளைகளின் கண் போகிற இடம் வேறு. செல்லப்பிராணிக் கடையில், கூண்டுக்குள் பஞ்சு உருண்டை மாதிரி உட்கார்ந்திருக்கும் முயல்குட்டி! "அப்பா, அது வேணும்" என்று பிள்ளை கையைப் பிடித்து இழுத்தால் எந்த அப்பனுக்குத்தான் மறுக்க மனசு வரும்?

வாங்கி வந்த சில மாதங்களில் தொல்லை ஆரம்பமாகும். முடி கொத்துக் கொத்தாக உதிரும். வால் பக்கம் சிக்குப் பிடிக்கும். காதில் பொருக்குத் தட்டும். உடனே பக்கத்து வீட்டிலிருந்து வைத்தியம் வந்துவிடும்: "கொஞ்சம் எண்ணெய் தடவு, சரியாப் போயிடும்." ஆட்டுக்குச் சொறி என்றால் வேப்பெண்ணெயும் கந்தகமும், நாய்க்கு என்றால் லாரியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயில், இதுதானே நம் அஞ்சடி வைத்தியம்! (எஞ்சின் ஆயில் நாய்க்கும் ஆகாது. அது வேறு கதை.) மஸ்ஜித் இந்தியா வீதியோரம் வாங்கிய தைலத்தை முயல் முதுகில் தேய்ப்பவர்களும் உண்டு.

முயல் விஷயத்தில் இது பெரிய ஆபத்து. முயல் நாள் முழுதும் தன் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கிற பிராணி. அதன் முடியில் எது பட்டாலும் அது வயிற்றுக்குள் போய்விடும். பூனை தின்ற முடியை வாந்தி எடுத்துவிடும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதன் உடலமைப்பு அப்படி. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியே வர வேண்டும். மண்ணெண்ணெய் தடவினால் மண்ணெண்ணெய் குடிக்கக் கொடுத்த மாதிரிதான்!

அப்படியானால் முடி வயிற்றில் அடைத்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். முன்பு மருத்துவர்களே முடிப் பந்துதான் முயலைக் கொல்கிறது என்று நினைத்தார்கள். இன்றைய விளக்கம் வேறு. நல்ல முயலின் வயிற்றிலும் முடி இருக்கும். குடல் ஓடிக்கொண்டிருக்கும் வரை அது புழுக்கையோடு போய்விடும். குடல் ஓட நார் வேண்டும், தண்ணீர் வேண்டும். கங்குங் கீரையும் கடைத் தீனியும் மட்டும் போட்டு வளர்த்தால் நார் போதாது. குடல் சோம்பிவிடும், முடி தண்ணீர் வற்றி இறுகிவிடும். அன்னாசிச் சாறு கொடுத்தால் முடி கரையும் என்று சிலர் சொல்வார்கள். கரையாது. அதிலுள்ள சர்க்கரையால் வயிறு இன்னும் கெடும்.

நார் என்றால் புல்தான். கடையில் விற்கும் இறக்குமதி வைக்கோல்புல் நல்லது, ஆனால் விலை கடிக்கும். ஆட்டுக்குப் புல் அறுத்துப் பழகிய நமக்கு இது கஷ்டமான காரியமா? ஒன்று மட்டும் கவனம். மருந்து அடித்த தீம்பாரில் புல் அறுக்கவே கூடாது. பேராகுவாட் நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது, உண்மைதான். களைக்கொல்லி அடிப்பது அதோடு நின்றுவிடவில்லை. எந்த இடத்தில் அடித்தார்கள் என்பது மருந்து அடிக்கப் போகும் நம் பெண்களுக்கே நன்றாகத் தெரியும். அவர்களைக் கேட்டுவிட்டு அறுங்கள். புல்வெட்டும் இயந்திரம் தள்ளிய புல்லும் வேண்டாம். அது சீக்கிரம் சூடேறிப் புளித்துவிடும்.

இனி முடி. குளிர்நாடுகளில் பருவம் மாறும்போது முயலுக்கு முடி கொட்டும். நம் நாட்டில் அப்படிக் காலம் சொல்லிக் கொட்டாது. கொட்டும் இடத்தில் புதுமுடி முளைத்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வாரம் ஒருமுறையும், கொட்டும் நாள்களில் தினமும் சீவிவிடுங்கள். முதலில் பெரிய பல் சீப்பு, பிறகு மெதுவாகப் பேன் சீப்பு. முயலின் தோல் மெல்லிசு. சிக்கை இழுத்துப் பிடித்துக் கத்தரித்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும். விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். பின்னங்கால்களைக் கையால் தாங்காமல் தூக்கவே கூடாது. திமிறி உதைத்தால் முதுகெலும்பே முறிந்து போகும். அதே காரணத்துக்காகவும், நனைந்து விறைத்துவிடும் என்பதற்காகவும் குளிப்பாட்டுவது வேண்டாம்.

நீண்ட முடி முயல் அழகுதான். ஆனால் அங்கோரா இனம் கம்பளிக்காக வளர்ப்பது. இந்தியாவில் இமாசலத்துக் குலு பள்ளத்தாக்குக் குளிரில் வளர்த்து, ஏறத்தாழ 3 மாதத்துக்கு ஒருமுறை முடி வெட்டுகிறார்கள். தகரக் கூரை லயத்திலும், கிள்ளான் ஃபிளாட்டின் மேல்மாடியிலும் மத்தியான வெயிலில் அது படும் பாட்டை என்ன சொல்ல! குட்டை முடி முயலே நமக்குத் தோது.

பெண் முயல் தன் கழுத்தடி, வயிற்று முடியைத் தானே பிடுங்கிக் கூடு கட்டினால் நோயல்ல. குட்டி போடப் போகிறது, அல்லது போடப்போவதாக நினைத்துக்கொள்கிறது. வட்டமாகச் சொட்டை விழுந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது பிள்ளைகளுக்கும் ஒட்டும். சொறி உண்டாக்கும் சிற்றுண்ணியும் அப்படியே. தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காதுப் பொருக்கைப் பிய்க்காதீர்கள், உயிர் போகிற வலி. ஐவர்மெக்டின் போன்ற மருந்து உண்டு; அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நாய்க்கு அடிக்கும் உண்ணி மருந்தில் ஃபிப்ரோனில் என்ற பெயர் இருக்கிறதா என்று படித்த பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். முயலுக்கு அது விஷம்.

எல்லாவற்றையும்விட நாம் பயப்படுவது ஈக்குத்தான். கொழுத்த முயலுக்குப் பின்பக்கம் நக்க எட்டாது. பல் வளர்ந்த முயலுக்கும் முடியாது. முயலின் முன்பல் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும். புல் மென்றால்தான் தேயும். மூத்திரமும் கழிச்சலும் ஒட்டிய முடியில் ஈ முட்டையிட்டால், ஒரே நாளில் புழு பொரித்துச் சதையைத் தின்ன ஆரம்பித்துவிடும். காலையில் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் வாலைத் தூக்கிப் பாருங்கள்.

புழு கண்டாலும், 12 மணி நேரம் தின்னாமல் புழுக்கை போடாமல் இருந்தாலும் அன்றைக்கே கிளம்ப வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்பது கூடாது. மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் விசாரிக்கலாம். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. வேறு கிளினிக்குக்குப் போவதானால் "முயல் பார்ப்பீர்களா?" என்று முதலில் போன் பண்ணிக் கேளுங்கள், நாய், பூனை மட்டும் பார்ப்பவர்களும் உண்டு. அட்டைப்பெட்டியில் காற்றுத் துளை போட்டு, கொஞ்சம் புல் வைத்து, கடைசியாகப் போட்ட புழுக்கையைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போங்கள். ஏற்கெனவே ஏதாவது தடவியிருந்தால் வெட்கப்படாமல் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.