மொய் நோட்டும் ஸ்ப்ளிட்வைஸும்: சமமா பிரிச்சா நியாயமாயிடுமா?

ஆடி மாசம் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துல கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்து களைகட்டும். யார் எவ்வளவு செஞ்சாங்கன்னு அங்கேயே நோட்டுல ஏறிடும். சொந்தபந்தம்தான், ஆனாலும் கணக்கு எழுத யாரும் கூச்சப்படுறதில்ல.

நண்பர்களோட டூர் போனா மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம் மச்சி"ன்னு விட்டுடுறோம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். அருண், பாலா, சந்துரு மூணு பேரும் சித்தன்னவாசல், திருமயம் கோட்டை பார்க்கப் போறாங்க. கார் வாடகை ₹3,000 அருண் கொடுக்கிறார். சாப்பாட்டு பில் ₹1,500 பாலா கொடுக்கிறார். இதுல அருணும் பாலாவும் பிரியாணி, சிக்கன்னு ஆளுக்கு ₹600க்கு சாப்பிட்டாங்க. சந்துரு சைவம், ₹300தான்.

மொத்தம் ₹4,500. சமமா பிரிச்சா ஆளுக்கு ₹1,500. ஆனா சந்துருவோட உண்மையான பங்கு ₹1,300. அதாவது ₹200 அதிகம்!

சரியான கணக்கு: அருணுக்கு சந்துரு ₹1,300, பாலா ₹100 தரணும். அவ்வளவுதான்.

ஸ்ப்ளிட்வைஸ் மாதிரி ஆப்ல இதை இப்படிப் பண்ணுங்க:

1. பில் கொடுத்த இடத்துலயே என்ட்ரி போடுங்க.
2. சாப்பாட்டுக்கு சமப் பங்கு வேண்டாம். அவரவர் தொகையைத் தனித்தனியா போடுங்க.
3. யுபிஐல பணம் அனுப்பினதும் ஆப்லயும் பதிவு பண்ணுங்க. இல்லன்னா பாக்கி அப்படியே காட்டும்.

₹200 சின்னத் தொகைதான். ஆனா சம்பளம் கம்மியா வாங்குற நண்பன் வாய்விட்டுக் கேக்க மாட்டான். அடுத்த டூருக்கு "லீவு கிடைக்கல"ன்னு சொல்லிடுவான்.