கடல் நீரைத் தாங்குமா தென்னை நார்? ஃபைபர் படகுகளுக்கு மாற்று தேடும் ஆய்வுகள்

இந்தியக் கடற்கரைகளில் மரப் படகுகளின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவு பிடித்துவிட்டன. அவை துருப்பிடிப்பதில்லை, மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களுக்கும் இரையாவதில்லை. ஆனால், ஒருமுறை இறுகிய பிசினை மீண்டும் உருக்க இயலாது. எனவே இரும்பைப் போலப் பழைய பொருளாக விற்கவும் வழியின்றி, ஆயுள் முடிந்த படகுகள் கரையிலேயே கைவிடப்படுகின்றன.

சணல், தென்னை நார் போன்ற இயற்கை இழைகளைக் கொண்ட கூட்டுப்பொருட்களை ஆய்வாளர்கள் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கண்ணாடியிழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிராம், சணலின் அடர்த்தி சுமார் 1.4 கிராம் மட்டுமே. படகின் எடை குறைந்தால் எரிபொருள் செலவும் குறையும்.

சிக்கல் தண்ணீரில்தான் உள்ளது. தாவர இழையில் உள்ள செல்லுலோஸ் நீரை ஈர்க்கும் தன்மை கொண்டது. நீர் புகுந்ததும் இழை உப்பி, தன்னைச் சூழ்ந்துள்ள பிசினிலிருந்து விலகுகிறது. அந்த இடைவெளி வழியாக மேலும் நீர் புக, பலகை உள்ளிருந்தே வலுவிழக்கிறது. இழைகளைக் காரக் கரைசலில் ஊறவைத்து, மேற்பரப்பிலுள்ள மெழுகை நீக்கினால் பிசின் நன்றாகப் பற்றும்; நீர் உறிஞ்சுதல் குறையுமே தவிர, முற்றிலும் நிற்காது.

தென்னை நாரில் லிக்னின் 40 சதவீத அளவுக்கு இருப்பதால், அது எளிதில் மட்குவதில்லை. கேரளத்தின் கெட்டுவள்ளங்கள் ஆணியின்றித் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டு, முந்திரி ஓட்டு எண்ணெய் பூசப்பட்டவை. அதே எண்ணெயிலிருந்து பிரிக்கப்படும் கார்டனாலைக் கொண்டு தயாராகும் இறுக்கிகள், ஈரப்பதமான பரப்பிலும் இறுகுவதால், இன்று கப்பல்களுக்கான எபாக்சி பூச்சுகளில் பயன்படுகின்றன.

எனினும், தென்னை நாரின் இழுவலிமை கண்ணாடியிழையில் பத்தில் ஒரு பங்கைப் பெரும்பாலும் எட்டுவதில்லை. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், பதப்படுத்திய ரப்பர் மரத்தில் உருவாக்கிய வள்ளத்திற்கும் வெளிப்புறம் கண்ணாடியிழையே போர்த்தப்பட்டது.

'உயிரி அடிப்படையிலான' என்ற அடைமொழியையும் கவனமாகவே படிக்க வேண்டும். இழை மட்டும் இயற்கையானதாக இருந்து, பிசின் பெட்ரோலியத்திலிருந்து வந்தால், அந்தப் படகும் மட்காது. அதை உருக்கவும் முடியாது.

ஆகவே, அலையின் அடியை நேரடியாகத் தாங்கும் அடிப்பகுதியைவிட, உள்தடுப்பு, இருக்கை, பெட்டி மூடி போன்ற பாகங்களே இயற்கை இழைக்கு முதலில் ஏற்றவை. அடிப்பகுதிக்கு, வெளியே கண்ணாடியிழையும் நடுவே தாவர இழையும் அமைந்த கலப்பு அடுக்குகள் சோதிக்கப்படுகின்றன. இத்தகைய சோதனைகளில் மாதிரித் துண்டுகள் மாதக்கணக்கில் உப்பு நீரில் மூழ்க வைக்கப்பட்டு, அவ்வப்போது எடை பார்க்கப்பட்டு, இறுதியில் முறியும் வரை வளைக்கப்படுகின்றன.